சிஆர்எம்-இல் ஏற்றியதும் போன் நம்பர் ஏன் கெட்டுப்போகிறது?

எக்செல் பட்டியலை சிஆர்எம்-இல் (வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் மென்பொருளில்) ஏற்றினால் நம்பர் சிதைகிறது, தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாகின்றன என்கிறீர்கள். சிஆர்எம்-ஐத் திட்டாதீர்கள், இரண்டுமே எக்செல்லின் வேலை.

91 சேர்த்த நம்பருக்கு 12 இலக்கம். எக்செல் 11 இலக்கத்தைத் தாண்டினால் 9.19 என்பது போலத் தொடங்கி, நடுவில் ஓர் ஆங்கில எழுத்தைப் போட்டுச் சுருக்கிக் காட்டும். ஏற்றுவதற்காக சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) சேமிக்கும்போது, கண்ணுக்குத் தெரிகிற அந்தச் சுருக்கம்தான் கோப்பில் போகும். மீதி இலக்கங்கள் போயே போச்சு! அதனால் சேமிக்கும் முன்பே நம்பர் இருக்கும் நெடுவரிசையை 'நம்பர்' வடிவத்துக்கு மாற்றி, தசமத்தைப் பூஜ்யமாக்குங்கள்.

சரி, பெயர்கள்? சாதா சிஎஸ்வியில் தமிழ் எழுத்து தங்காது, அது வேண்டாம். சேமிக்கும்போது, தமிழையும் தாங்கும் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம், சேமித்த கோப்பை 'ஒரு தடவை பார்ப்போமே' என்று எக்செல்லிலேயே திறந்து மறுபடி சேமித்தால் பழைய கதைதான். நோட்பேடில் பாருங்கள். முதலில் ஐந்து வரியை மட்டும் ஏற்றிப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் ஏற்றுங்கள்.