22 கேள்வியா, 3 கேள்வியா?

கேள்வி: இலந்தைகுளம் ஐ.டி. பூங்காவில் ஒரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். முதல் நாளே எங்களை வட்டமாக உட்கார வைத்து, ஆளுக்கு இரண்டு உண்மையும் ஒரு பொய்யும் சொல்லச் சொன்னார்கள். எது பொய் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டுமாம். கூச்சம் போய் எல்லோரும் பழகிவிடுவோமாம். இப்படி விளையாடி ஒரு மனிதரைத் தெரிந்துகொள்ள முடியுமா?
– பெயர் வேண்டாம், திருநகர்.

பதில்: பெயர் வேண்டாம் என்கிறீர்கள். சரி, கண்டுபிடிக்க மாட்டேன்.

மதுரையில் உட்கார்ந்துகொண்டு ஒருவரை 'கண்டுபிடி' என்று சொல்ல உங்கள் கம்பெனிக்குத் தைரியம் ஜாஸ்தி. இதே விளையாட்டை இந்த ஊரில் பரிசோடு நடத்தியவன் பாண்டிய ராஜா. 'என் மனசில் ஒரு சந்தேகம் இருக்கிறது. என்னவென்று சொல்ல மாட்டேன். அதைத் தெரிந்துகொண்டு பாட்டாகப் பாடுகிறவனுக்கு ஆயிரம் பொன்' என்று சங்க மண்டபத்தில் பொற்கிழியைத் தொங்கவிட்டான். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடல் புராணத்தில் இது 52-ஆவது படலம். தருமி சொக்கநாதரிடம் போய் அழுதார், பாட்டு கிடைத்தது. குறுந்தொகையில் 2-ஆவதாக இருக்கிறதே, 'கொங்குதேர் வாழ்க்கை', அதுதான். ராஜாவுக்கு ஏகத் திருப்தி. கிழியை அறுக்கப் போன நேரத்தில் நக்கீரர் எழுந்தார். அப்புறம் நடந்ததைப் பொற்றாமரைக் குளத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மனுஷன் வெந்துபோய்த் தண்ணீரில் விழுகிற அளவுக்குப் போன விளையாட்டு அது. உங்கள் எச்.ஆர். அம்மணிக்கு இந்தக் கதையை ஒருதரம் சொல்லி வையுங்கள்.

மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை. பொய்யைக் கண்டுபிடிப்பதில் மனுஷ ஜாதி மகா மட்டம். எத்தனையோ சோதனைகளைத் திரட்டி 2006-ல் ஒரு ஆய்வு வந்தது. எது உண்மை, எது பொய் என்று ஆட்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். பூவா தலையா போட்டாலே 50 வரும். ஆகவே அந்த வட்டத்தில் உங்களை யாரும் தெரிந்துகொண்டிருக்க மாட்டார்கள். நீங்களும்தான்.

ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும் இன்னொரு விளையாட்டு இருக்கிறது. மனசில் ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டும், எதிராளி 20 கேள்விக்குள் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு கேள்வியும் கூட்டத்தைச் சரிபாதியாக வெட்டினால், 20 கேள்வியில் 10,48,576 பேரில் ஒருவரைப் பிடித்துவிடலாம். 2011 கணக்கெடுப்பில் மதுரை மாவட்டத்தின் ஜனத்தொகை 30,38,252. ஆக, கெட்டிக்காரன் ஒருவனுக்கு 22 கேள்வி இருந்தால் மேலூரிலிருந்து பேரையூர் வரை எவரும் தப்ப முடியாது.

ஆனால் உசிலம்பட்டி பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெரியவருக்கு எதற்கு 22?

"தம்பிக்கு எந்தூரு?"

"மதுரைதாங்கய்யா."

"அது சரி, பூர்வீகம்?"

ஊர் பெயரைச் சொல்கிறீர்கள். கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார். அந்த ஊரில் தெருத்தெருவாக அவர் மனசில் நடந்து வருகிறார் என்று அர்த்தம்.

"சிவராத்திரிக்கு எந்தச் சாமிக்குப் போவீக?"

சாமி பெயர் வாயிலிருந்து விழுந்ததும் முடிந்தது. முகம் மலர்ந்து "அடடே, நம்ம புள்ள!" என்று தோளில் கை விழும். அல்லது "அப்படியா" என்று ஒரு வார்த்தை வந்து, காலுக்கடியில் இருந்த பை மடிக்கு ஏறும். செக்கானூரணி வருவதற்குள் இத்தனையும் நடந்துவிடும். ஆயிரம் பொன்னுக்கு அந்தப் பெரியவரைச் சங்க மண்டபத்தில் நிறுத்தியிருந்தால் தருமிக்கு வேலையே இருந்திருக்காது.

இதை நாமாகத்தான் வளர்த்தோம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடக் கூடாது என்று தீர்மானம் போட்டது. தமிழன் வாலை வெட்டினான், முன்னால் இனிஷியலை ஒட்டிக்கொண்டான். நல்ல காரியம், இந்தியாவில் வேறு எங்கும் இவ்வளவு பரவலாக நடக்காத காரியம். ஆனால் வெட்டின வால் எங்கே போய் விழுந்தது என்று தேடுகிற ஆசை மட்டும் போகவில்லை. பெயரில் இருந்தவரை கேட்காமலே தெரிந்தது. இப்போது சாமியைக் கேட்க வேண்டியிருக்கிறது.

சாமியைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்காக ஃப்ளெக்ஸ் இருக்கிறது. ('ஆரம்பிச்சுட்டார்யா' என்று நீங்கள் முனகுவது கேட்கிறது. ஃப்ளெக்ஸ் பற்றி எழுதினால் மறுநாளே பிரிண்டிங் கடை நண்பர் ஒருவர் ஆபீஸ் படியேறி வந்து, "அண்ணே, எங்க பொழப்புல ஏண்ணே மண்ணள்ளிப் போடுறீக" என்பார். அவருக்கும் ஒரு டீ சொல்லிவிட்டு மேலே எழுதுகிறேன்.) எங்கள் தெருமுனையில் போன வாரம் ஒன்று. காதணி விழா. நட்ட நடுவில் தாய்மாமன், ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு, கூலிங் கிளாஸ், கையில் செல்போன். இரண்டு பக்கமும் சிங்கம். சிங்கத்துக்குக் கீழே சித்தப்பாக்கள், சித்தப்பாவின் நண்பர்கள், நண்பர்களின் ஆட்டோ ஸ்டாண்ட். மேலே இறந்துபோன தாத்தா மேகத்திலிருந்து பார்க்கிறார். பக்கத்து மேகத்தில் ஒரு தலைவர், எந்தத் தலைவர் என்பதில்தான் வீட்டுச் சாமி முதற்கொண்டு எல்லாம் அடக்கம். காது குத்திக்கொள்ளப் போகிற குழந்தையைத் தேடினேன். டீக்கடையில் நின்ற மூன்று பேர் உதவிக்கு வந்தார்கள். "மாமன் கையிலிருக்கிற செல்போனுக்குள்ள பாருங்க" என்றார் ஒருவர். இல்லை. அச்சகத்தின் போன் நம்பருக்கு மேலே தபால்தலை சைஸில் இருந்தது, அழுதபடி. இதற்கு எந்த எச்.ஆர். விளையாட்டு ஈடு?

விளையாட்டு என்றால் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் என்பேன். மணலை நீளக் கரையாகக் குவித்து, சின்னக் குச்சியை உள்ளே விட்டு, விரல் அங்கேயும் இங்கேயும் ஓடும். எதிரில் இருக்கிறவன் மணலைப் பார்க்க மாட்டான், ஒளித்தவன் முகத்தைப் பார்ப்பான். கை கோத்து ஒரு இடத்தைப் பொத்துவான். தப்பாகப் பொத்தினால் அந்தக் குச்சியை மணலோடு அவன் கையில் அள்ளி வைத்து, கண்ணைப் பொத்தி எங்கோ சுற்றிக் கூட்டிப்போய்க் கொட்ட வைத்து, திரும்பக் கூட்டிவந்து 'இப்போ தேடு' என்பார்கள். முள்ளிலும் சாணியிலும் மிதிக்க விடாமல் எதிராளி கூட்டிப் போகிறானா இல்லையா என்பதில் அவனைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும். ஐ.டி. பூங்காவில் மணல் கிடைக்காது, வைகையிலேயே கிடைக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டு உண்மை, ஒரு பொய் அசட்டு விளையாட்டுதான். மேலாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எவனும் பெரிய உண்மையைச் சொல்ல மாட்டான். 'எனக்கு நீச்சல் தெரியும், எனக்குப் பரோட்டா பிடிக்காது' என்றுதான் ஓடும். ஆனால் அன்றைக்கு அந்த வட்டத்தில் யாரும் பூர்வீகம் கேட்கவில்லை, சாமி கேட்கவில்லை. பரோட்டா பிடிக்காத ஆள் என்கிற அளவில் ஒருவரைத் தெரிந்துகொண்டீர்கள். மதுரையில் அது சந்தேகத்துக்குரிய தகவல் என்றாலும், பிறப்பில் வந்ததில்லை. விளையாடுங்கள். சாப்பாட்டு இடைவேளையில் எவராவது "அது கிடக்கட்டும், சொந்த ஊரு எது?" என்று மெல்ல ஆரம்பித்தால், அவரிடம் மட்டும் மூன்றையும் பொய்யாகச் சொல்லுங்கள்.

மேலாளரையும் ஒரு நாள் வட்டத்தில் உட்கார வையுங்கள். அவர் சொல்வதில் எது பொய் என்று மட்டும் கண்டுபிடித்துவிடாதீர்கள், புரொபேஷன் முடிகிறவரைக்குமாவது.