பள்ளிக்குப் போகும் சின்ன வயது அம்மாக்கள்: நர்ஸ் அக்காவின் பதில்கள்

காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா: பொண்ணுக்கு 17 வயசு, பிளஸ் ஒன். அஞ்சாவது மாசம். ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வருமா?

தகவல் போகும். 18-க்குக் கீழ் என்றால் போக்சோ சட்டப்படி டாக்டர் சொல்லியாக வேண்டும். ஆனால் அதைக் காரணம் காட்டி யாரும் சிகிச்சையை மறுக்க முடியாது. வீட்டில் ஒளித்து வைத்தால் அவள் பிரஷரை யார் பார்ப்பது? இந்த வயதில் பிரஷர் எகிறி வலிப்பு வரும் ஆபத்து அதிகம். ரத்தசோகையும் சேர்ந்துகொள்ளும், ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போகக் கூடாது. விடாத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

இன்னொன்று, குழந்தை வேண்டுமா என்று அவளைக் கேட்டீர்களா? வேண்டாம் என்றால், மைனர் பெண்ணுக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் ஒப்புதலோடு கலைக்கச் சட்டம் இடம் தருகிறது. பெற்றோர் கையெழுத்து வேண்டும். இந்த வாரமே போங்கள்.

தண்டையார்பேட்டை மாணவி: பாப்பாவுக்கு மூணு மாசம். கிளாஸ்ல பால் கட்டிக்கிட்டு வலிக்குது அக்கா.

கிளம்பும் முன் பாப்பாவுக்குக் கொடும்மா. மதிய இடைவேளையில் கையால் பீய்ச்சி விடு, கட்டாது. வீட்டில் பீய்ச்சியதை மூடி ஃபிரிட்ஜில் வை. நம்ம ஊர் வெயிலில் வெளியே வைக்காதே. பாட்டி அதைச் சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கி, பாலாடைச் சங்கில் கொடுக்கட்டும். அடுப்பில் காய்ச்ச வேண்டாம். மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போ. பால் கொடுப்பதை நிறுத்தாதே. இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்துக்கு அப்புறமும் ஆறு மாதம் உண்டு. மாதவிடாய் வராவிட்டாலும் மறுபடி கர்ப்பம் தரித்துவிட வாய்ப்பு உண்டு, கருத்தடைக்கான காப்பர்-டி பற்றியும் கேட்டுக்கொள்.

பாட்டி: பச்சை உடம்பு, தண்ணி குறைச்சுத்தானே தரணும்?

வேண்டவே வேண்டாம் பாட்டி, தாகத்துக்குத் தாராளமாகக் குடிக்கட்டும். உங்க பால்சுறா புட்டு அளவோடு கொடுக்கலாம், கீரையும் கொடுங்க. இரும்புச்சத்து மாத்திரையோடு டீ மட்டும் கூடாது.

வியாசர்பாடி ஆசிரியை: குழந்தை பெற்று வந்தவள் யாரோடும் பேசுவதில்லை. டி.சி. கொடுத்து அனுப்பலாம் என்கிறார்கள்.

டி.சி. கொடுத்தால் அவளுக்கு இருக்கும் ஒரே வெளியுலகமும் போய்விடும், டீச்சர். விடாதீர்கள். அழுகை, தூக்கமின்மை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்காதது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், இலவசம்தான். சாகணும் என்று ஒரு வார்த்தை வந்தாலும் தனியே விடாமல் அன்றே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.