வாசகர் கேள்வி – பதில்: தாய்மார் குழுவால் பலன் உண்டா, எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: எங்கள் அறக்கட்டளை கைக்குழந்தைக்காரத் தாய்மாருக்கு வாரம் ஒன்று என்று எட்டுக் கூட்டங்கள் நடத்துகிறது. கடைசி நாள் கருத்துப் படிவத்தில் எல்லோரும் ‘மிகவும் பயனுள்ளது’ என்றுதான் எழுதுகிறார்கள். நிதி தருபவர்களோ இது போதாது என்கிறார்கள். வேறு என்ன செய்வது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அவர்கள் சொல்வது சரிதான். கடைசி நாள் வரை வந்தவர்கள், பிடித்துப்போய் வந்தவர்கள். பிடிக்காதவர்கள் மூன்றாவது வாரமே நின்றிருப்பார்கள்; படிவம் அவர்கள் கைக்குப் போகவே இல்லை. போதாக்குறைக்கு, கூட்டம் நடத்திய அக்கா எதிரே நிற்கும்போது யார் குறை எழுதுவார்கள்?

முதல் கூட்டத்துக்கு முன்பே அளவெடுங்கள். தாயின் மனநிலையை அறிய 1987-ல் வெளியான எடின்பரோ அளவுகோல் போதும். பத்தே கேள்விகள், கடந்த ஏழு நாள் நிலை, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. 1, 2, 4 ஆகிய கேள்விகளில் முதல் விடைக்கு 0. மற்ற ஏழிலும் முதல் விடைக்கு 3. இதைக் கவனிக்காமல் கூட்டினால் கணக்கு முழுவதும் தலைகீழாகிவிடும். வேலூரில் தமிழ்த் தாய்மாரிடம் சோதித்து 2005-ல் வெளியான ஆய்வு, 9-ம் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டும் என்கிறது. ஆங்கிலத்தில் வழக்கமான 13-ஐ எல்லையாக அப்படியே வைத்தால் பலர் விடுபட்டுப்போவார்கள்.

மாமியாரோ கணவரோ பக்கத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவரிடம் தாளைக் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள். தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது பத்தாவது கேள்வி. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை அன்றைக்கே பாருங்கள். 0 தவிர எது வந்தாலும் அந்தத் தாயோடு அப்போதே தனியாகப் பேசி, மருத்துவரிடம் சேர்த்துவிட வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416-ஐயும் கொடுங்கள். இதற்கு ஆள் ஏற்பாடு இல்லையென்றால் இந்த அளவுகோலைக் கையிலேயே எடுக்காதீர்கள்.

எட்டாவது வாரமும், அதன்பின் மூன்று மாதம் கழித்தும் மறுபடி கேளுங்கள். நடுவில் நின்றவர்களையும் வீடு தேடிப்போய்க் கேட்க வேண்டும். அவர்களை விட்டுவிட்டு எழுதும் அறிக்கை பாதி அறிக்கைதான்.

ஆனால் ‘முன்பு, பின்பு’ என்று ஒப்பிட்டால் மட்டும் போதாது. குழந்தையின் அழுகை ஆறு வார வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகவே தணியும். ஆறாவது வாரத்தில் சேர்ந்த தாய்க்குப் பதினான்காவது வாரத்தில் நிம்மதி வந்தால் அது குழுவாலா, குழந்தையின் வயதாலா? அதனால் ஒப்பிட, இன்னும் குழுவில் சேராத தாய்மார் சிலரும் வேண்டும். 40 பேர் பெயர் கொடுத்தால் சீட்டுக் குலுக்கி 20 பேரை இப்போதும், மீதிப் பேரை அடுத்த சுற்றிலும் சேர்த்து, இரு சாராரையும் ஒரே நாட்களில் அளவெடுங்கள். அடுத்த சுற்றுக்காரர்களுக்கு எல்லா அளவையும் எடுத்து முடித்த பிறகே கூட்டம் தொடங்க வேண்டும். ‘இவர் பாவம், முதலில் சேர்ப்போம்’ என்று நீங்களே பொறுக்கினால் ஒப்பீடு கெட்டுவிடும். தொடக்கத்திலேயே மதிப்பெண் மிக அதிகமாக இருப்பவரைக் காக்க வைக்காமல் உடனே சேருங்கள். ஒப்பீட்டுக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் சதவீதம் எழுதாதீர்கள். ‘18 பேரில் 7 பேர்’ என்று எழுதுவதே நேர்மை.

கேள்வி: பதிவேட்டில் 25 பேர், வருவது ஏழெட்டுப் பேர். தோல்வி என்று மூடிவிடலாமா?
– ஒரு வாசகர், தருமபுரி

பதில்: மூடுவதற்கு முன், உங்கள் பகுதியில் இருக்கும் கர்ப்பிணிகளும் புதுத் தாய்மாரும் எத்தனை பேர், அதில் குழுவை எட்டியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டிலிருந்து மொத்த எண்ணிக்கை கிடைக்கும். 2010-ல் பெண்கள் குழுக்களைப் பற்றி இரண்டு பெரிய ஆய்வுகள் வெளியாயின. ஜார்கண்ட், ஒடிசாவில் சுமார் 468 மக்களுக்கு ஒரு குழு இருந்தது. மூன்றாண்டுகளில் பச்சிளங்குழந்தை இறப்பு 32% குறைந்தது. வங்கதேசத்தில் 1,414 மக்களுக்கு ஒரு குழு. குறிப்பிடும்படி எதுவும் குறையவில்லை. பிறகு அதே வங்கதேசத்தில் 309 பேருக்கு ஒன்று என்று குழுக்களைப் பெருக்கியபோது 38% குறைந்தது. இப்படிப்பட்ட ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கர்ப்பிணிகளில் குறைந்தது 30% பேர் கலந்துகொண்ட இடங்களில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது.

வராதவர்களில் பத்துப் பேரிடம் காரணம் கேளுங்கள். காலை பதினொரு மணிக் கூட்டம் நூறு நாள் வேலைக்குப் போகிறவருக்கு ஒத்துவராது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீடு திரும்பியதும் பட்டியலிலிருந்து காணாமல் போவார். இரண்டு ஊர்ப் பதிவேட்டையும் ஒத்துப் பார்த்தால்தான் அவர் நின்றாரா, இடம் மாறினாரா என்று தெரியும்.

கேள்வி: தாய்ப்பால் மட்டும் கொடுப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள். நம்பலாமா?
– ஒரு அங்கன்வாடிப் பணியாளர், திருவாரூர்

பதில்: ‘தாய்ப்பால் மட்டும்தானே கொடுக்கிறீர்கள்?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்றுதான் வரும். நேற்றுப் பகலும் இரவும் குழந்தை வாயில் என்னென்ன போனது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: வெந்நீர், சர்க்கரைத் தண்ணீர், பசும்பால், பால்பவுடர், தேன், கிரைப் வாட்டர். மருத்துவர் தந்த சொட்டு மருந்தும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் கணக்கைக் கெடுக்காது. வெறும் தண்ணீர் கெடுக்கும். உரை மருந்தை எதில் உரைத்தார்கள் என்று கேட்டுத் தனியாகக் குறியுங்கள். நேற்று ஒரு நாளை மட்டும் கேட்பதால் எண்ணிக்கை கொஞ்சம் கூடுதலாகவே வரும். ‘பிறந்ததிலிருந்து எப்போதாவது?’ என்று அதே பட்டியலை இன்னொரு முறை கேட்டு, விடையைத் தனி வரிசையில் எழுதுங்கள், இரண்டையும் கூட்டிவிடாதீர்கள்.