பாம்புக் கூண்டில் ஒரு பக்கம் மட்டும் ஏன் சூடு?

பால் பைத்தான் என்ற மலைப்பாம்பை (பந்துபோல் சுருளும், அதனால் அந்தப் பெயர், குடிக்கிற பால் அல்ல) வளர்ப்பவர்கள் சொல்லும் 'வெப்பச் சரிவு' இதுதான்: கூண்டின் ஒரு முனை சுமார் 32 டிகிரி செல்சியஸ், மறுமுனை 26. பாம்பின் உடல் நம்மைப்போல் தானே சூடு உண்டாக்கிக்கொள்ளாது. இரை செரிக்கச் சூடான பக்கம் வரும், போதுமென்றால் நகர்ந்துவிடும். மதுரை மாசி வீதியில் நாம் நிழல் பார்த்து ஓரம் மாறி நடப்பதில்லையா, அப்படி.

கூண்டைச் சூடாக்கும் மின்சாரச் சூட்டுப் பாய் போட்டால், சூட்டை அளவோடு வைக்கும் தெர்மோஸ்டாட் கட்டாயம். இல்லாவிட்டால் வயிறு வெந்துவிடும். சித்திரையில் 40ஐ நெருங்கும் மதுரையில் குளிர்ந்த முனையைக் காப்பதுதான் பெரும்பாடு. மார்கழி இரவில்தான் பாய்க்கு உண்மையான வேலை.

பால் பைத்தான் வெளிநாட்டுப் பாம்பு; வாங்கினால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதியுங்கள். நம்மூர்ச் சாரையை வளர்க்க 1972 வனவுயிர்ச் சட்டம் விடாது.

'பாம்புக்கு வெயில்தானே வேண்டும், மொட்டைமாடியில் வை' என்பார்கள். நேர் வெயிலில் மூடிய கண்ணாடிக் கூண்டு கொஞ்ச நேரத்திலேயே அடுப்பாகிவிடும்.