சளியில் கிருமி இல்லை என்றால் காசநோய் இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது, அந்த ஒரு ரிசல்ட்டை நம்பி விட்டுவிடாதீர்கள். ஏற்காட்டில் இருக்கும் உங்கள் தம்பி எச்ஐவிக்கான ஏஆர்டி மாத்திரை தொடங்கி 2 மாதம் ஆகிறது, சாயங்காலம் காய்ச்சல், எடையும் குறைகிறது என்கிறீர்கள். அப்படியானால் மைக்ரோஸ்கோப்பில் நெகட்டிவ் வந்தது போதாது.

எச்ஐவி உள்ளவர்களுக்குச் சளியில் கிருமி குறைவாகவே வரும், மைக்ரோஸ்கோப்பில் தப்பிவிடும். நெறிக்கட்டியிலோ வயிற்றிலோ கூட நோய் இருக்கலாம். எக்ஸ்ரேயும் சுத்தமாகத் தெரியலாம். மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில், எதிர்ப்புச் சக்தி தேறும்போது, பதுங்கியிருந்த காசநோய் வெளிப்படுவதும் உண்டு. எனக்கு இதுதான் சந்தேகம்.

அடுத்த மாத்திரைத் தேதிவரை காத்திருக்காமல் நாளைக்கே சேலத்துக்கு இறங்கி, அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் காட்டி, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனை கேளுங்கள். இலவசம்தான். காலையில் ஆழமாக இருமி வரும் சளி வேண்டும், எச்சில் உதவாது. கழுத்திலோ அக்குளிலோ கட்டி இருந்தால் காட்டச் சொல்லுங்கள்.

ஏஆர்டியை மட்டும் தானாக நிறுத்தக் கூடாது. காசநோய் வராமல் தடுக்கக் கொடுக்கும் ஐசோனியசிட் மாத்திரையும், நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான். காசநோய் உறுதியானால், அதற்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், டோலுடெக்ராவிர் என்ற எச்ஐவி மருந்தின் வீரியத்தைக் குறைக்கும். அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கடும் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் ராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள்.