வீட்டுக் கோழிகளோடு புது ரகம் சேர்க்கும்போது: வாசகர் கேள்வி – பதில்

புறக்கடையில் கோழி வளர்ப்பவர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: இருக்கிற நாட்டுக்கோழிகளோடு வேறு ரகம் சேர்க்கலாமா, சேர்த்தால் என்ன ஆகும். நேராகக் கேள்விகளுக்கே போய்விடுவோம்.

எங்கள் வீட்டில் பத்து, பன்னிரண்டு சிறுவிடைக் கோழிகள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு முட்டை போதவில்லை. வனராஜா வாங்கு, கிராமப்பிரியா வாங்கு என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை வாங்குவது?
– வாசகி, மணப்பாறை

முட்டைக்காகத்தான் என்று நீங்களே தெளிவாகச் சொல்லிவிட்டதால் பதில் சுலபம் அம்மா, கிராமப்பிரியா வாங்குங்கள். இரண்டுமே ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழியின ஆராய்ச்சி நிறுவனம் புறக்கடைக்கென்றே உருவாக்கிய ரகங்கள்தான், ஆனால் நோக்கம் வேறு. வனராஜா கறிக்கும் முட்டைக்கும் பொதுவானது. உடம்பு கனம், பெட்டையே இரண்டு கிலோவைத் தாண்டும், வருஷத்துக்குச் சுமார் 100, 110 முட்டை. கிராமப்பிரியா முட்டைக்காக வந்தது. உடம்பு இலேசு, மேய்ச்சலோடு கொஞ்சம் தீவனமும் கொடுத்தால் 160 முட்டைக்கு மேல் எதிர்பார்க்கலாம். வெறும் மேய்ச்சலில் விட்டுவிட்டு இந்தக் கணக்கை எதிர்பார்க்காதீர்கள். குருணை, கம்பு, கொஞ்சம் புண்ணாக்கு, ஓட்டுக்குக் கிளிஞ்சல் தூள், இவ்வளவாவது தினமும் வேண்டும்.

உங்கள் சிறுவிடை, அதாவது உடம்பு சிறிதான நாட்டுக்கோழி, ஒரு ஈடுக்கு 12, 15 முட்டை வைத்துவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும், வருஷத்துக்கு மூன்று, நான்கு ஈடு, அவ்வளவுதான். முட்டைக் கணக்கை மட்டும் பார்த்தால் குறைவாகத்தான் தெரியும். ஆனால் அடைக்கு உட்காருவதும், குஞ்சைச் சிறகுக்குள் வைத்துக் காப்பதும், பருந்தைக் கண்டதும் குரல் கொடுத்துக் குஞ்சுகளைச் செடிக்குள் ஓட்டுவதும் அதுதான். வனராஜாவும் கிராமப்பிரியாவும் பெரும்பாலும் அடைக்கே உட்காராது. அதனால் சிறுவிடையை விற்றுவிட்டு மொத்தமாகப் புது ரகத்துக்கு மாறுவதை மட்டும் செய்துவிடாதீர்கள். ஐந்தாறு கிராமப்பிரியாவைச் சேர்த்து முட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பெருக்கத்துக்குச் சிறுவிடை இருக்கட்டும்.

இன்னொன்று. கிராமப்பிரியா முட்டையைச் சிறுவிடைக்கு அடியில் வைத்துப் பொரித்தால் அதே மாதிரி முட்டையிடும் குஞ்சு கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கிடைக்காது. அது தேர்ந்தெடுத்த கோழி வம்சங்களைக் கலந்து எடுத்த குஞ்சு, அடுத்த தலைமுறையில் அந்தக் குணம் சிதறிவிடும். அதை வேண்டும்போது புதிதாகத்தான் வாங்க வேண்டும். நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் கோழி, நாமக்கல் கோழி-1 ஆகியவையும் நம் ஊர் வெயிலுக்கு ஒத்துவரக்கூடியவைதான். உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் குஞ்சு எங்கே, எப்போது கிடைக்கும் என்று சொல்வார்கள்.

கடக்நாத் என்று சொல்லி ஒருவர் குஞ்சு விற்கிறார். அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், திருப்பூர்

கறுப்பு இறகு இருந்தாலே கடக்நாத் ஆகிவிடாது. அதன் கறுப்பு உள்ளே இருக்கிறது: தோல், கொண்டை, நாக்கு, கால், நகம், அறுத்தால் இறைச்சி, எலும்பு வரை கருமை ஓடும். கோழியைக் கையில் பிடித்து அலகைத் திறந்து நாக்கையும் மேல்வாயையும் பாருங்கள், இறகை விலக்கித் தோலைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் வேண்டாம். அதே நேரம், கடக்நாத்தோடு கலந்த கோழிக்கும் இந்தக் கருமை ஓரளவு இறங்கும் என்பதால், கறுப்பாக இருப்பதை மட்டும் வைத்து அசல் என்று அடித்துச் சொல்ல முடியாது. தாய்க்கோழிகளையும் சேவலையும் நேரில் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

இதன் பூர்வீகம் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, 2018-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. முட்டை கறுப்பாக இருக்கும் என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். கடக்நாத் முட்டை வெளிர் பழுப்பு அல்லது பாலாடை நிறம்தான். அடைக்கு உட்காருவதில் இது கெட்டி இல்லை, அதற்கும் சிறுவிடைதான் வேண்டும். விலை கிடைக்கும் என்று மட்டும் நினைத்து நிறைய வாங்கிவிடாதீர்கள். உங்கள் ஊரில் யார் வாங்குவார் என்று முதலில் விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

சந்தையில் நான்கு கோழி வாங்கி வந்து அன்று மாலையே பழைய கோழிகளோடு அடைத்தேன். ஒரு வாரத்தில் பழைய கோழிகள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, சிலதுக்குக் கழுத்து திருகி, வரிசையாகச் செத்துவிட்டன. சந்தையில் வாங்கியதில் இரண்டு இன்னும் நன்றாகவே இருக்கின்றன. எப்படி?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

படிக்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது ஐயா. நீங்கள் எழுதியிருக்கிற அறிகுறி வெள்ளைக்கழிச்சலுக்கு அப்படியே பொருந்துகிறது. ராணிக்கெட் என்று மருத்துவர்கள் சொல்வதும் இதைத்தான். உடம்பில் புகுந்து பெரும்பாலும் ஐந்தாறு நாளில் வெளியே தெரியும், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். வாங்கி வந்த கோழிகளுக்கு முன்பே தடுப்பூசி போட்டிருக்கலாம், அல்லது நோய் வந்து பிழைத்தவையாக இருக்கலாம். அப்படிப்பட்டவை நின்று மேயும், நோயை மட்டும் கொட்டிவிட்டுப் போகும். பார்க்க நன்றாக இருக்கிற கோழிதான் ஆபத்தானது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இப்போது செய்ய வேண்டியது: செத்தவற்றை ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள், குப்பையிலோ வாய்க்காலிலோ போட்டால் தெருக் கோழிகள் எல்லாம் போய்விடும். கூண்டில் இருக்கும் உமி, சாணம் எல்லாவற்றையும் வழித்து எரித்துவிட்டுச் சுவருக்கும் தரைக்கும் சுண்ணாம்பு அடியுங்கள். ஒரு மாதமாவது கூண்டை வெயில்பட வெறுமையாக விடுங்கள். பிழைத்த அந்த இரண்டையும் கறிக்கு அனுப்பிவிடுவது நல்லது. அவற்றை வைத்துக்கொண்டு புதிதாக வாங்கினால் திரும்பவும் இதே கதை வரலாம்.

அப்புறம், இனி எங்கே வாங்கினாலும் புதுக் கோழிக்குத் தனி இடம், முப்பது நாள். இதில் பேரம் வேண்டாம். வீட்டின் எதிர்ப் பக்கம், முடிந்தால் காற்று அங்கிருந்து பழைய கூண்டுக்கு வராத பக்கமாக வையுங்கள். தண்ணீர்த் தட்டு, தீவனத் தட்டு எல்லாம் தனி. காலையில் முதலில் பழைய கோழிகளைப் பார்த்துவிட்டுக் கடைசியில் புதுக் கோழிகளிடம் போங்கள், அங்கே போட ஒரு ஜோடிச் செருப்பு தனியாக இருக்கட்டும், வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இடம் இல்லை என்பவர்கள் மாட்டுக் கொட்டகையின் ஒரு மூலையில் பஞ்சாரம் கவிழ்த்தாவது வையுங்கள், ஒன்றாக விடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அந்த முப்பது நாளில் கோழியைக் கையில் எடுத்துப் பாருங்கள். இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் இறகை விலக்கினால் பேன், செல் போன்ற சின்னப் பூச்சிகள் ஊர்வது தெரியும். கால் செதில்கள் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு படிந்த மாதிரி இருந்தால் அது செதிலுக்குள் புகும் பூச்சி, வேப்பெண்ணெய் தொடர்ந்து தடவினால் குறையும். மார்பெலும்பைத் தடவினால் கத்தி முனை மாதிரி குத்தினால் உள்ளே குடற்புழுவோ வேறு நோயோ இருக்கிறது. ராத்திரி எல்லாம் அடங்கின பிறகு பக்கத்தில் போய்ச் சத்தம் போடாமல் நின்று கேளுங்கள். பகலில் தெரியாத சளி அப்போது கொர் கொர் என்று கேட்கும். அந்தச் சளி மருந்து கொடுத்தால் அடங்கும், ஆனால் பல சமயம் கோழியை விட்டு முழுதாகப் போகாது. அப்படிப்பட்ட கோழியைப் பழைய கூட்டத்தோடு சேர்க்கவே வேண்டாம்.

இதில் எந்தக் குறையும் இல்லையென்றால், முப்பது நாள் முடிந்ததும் பழைய கோழிகளில் ஒன்றை மட்டும் எடுத்துப் புதுக் கோழிகளோடு இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் எல்லாவற்றையும் சேர்க்கலாம். நஷ்டம் வந்தாலும் ஒன்றோடு போகும்.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி விஷயம்: குஞ்சுக்கு ஏழாம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, நான்காம் வாரம் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டாம் வாரம் இறக்கைத் தோலுக்கு அடியில் ஊசி. ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, இரண்டு வாரமாவது ஆகும், நோய் கண்ட கோழிக்குப் போட்டுப் பயனில்லை. மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு கோழிக்கான அளவில் வரும், கலக்கினால் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பத்துக் கோழிக்காரர் தனியாக வாங்கிக் கட்டுப்படியாகாததால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தெருவில் பத்து வீடு சேர்ந்து ஒரே நாளில் போடுங்கள், ஐஸ் டப்பாவில் வைத்தே எடுத்து வாருங்கள். கால்நடைத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் நடத்தும் கோழிக்கழிச்சல் (இதே வெள்ளைக்கழிச்சல்தான்) தடுப்பூசி முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள், அதை விடாதீர்கள்.

புதிதாக விட்ட இரண்டு பெட்டைகளைப் பழைய கோழிகள் கொத்தி மூலையில் ஒதுக்கிவிட்டன. தீவனம் தின்னவே விடவில்லை.
– வாசகி, பொள்ளாச்சி

கோழிக் கூட்டத்தில் யார் முதலில் தின்பது, யார் எந்தக் கம்பில் அடைவது என்று ஒரு வரிசை உண்டு. புதுக் கோழி வந்தால் அந்த வரிசை கலைந்து திரும்ப அமைய வேண்டும், அதனால் கொஞ்சம் கொத்து இருக்கத்தான் செய்யும். கூடியவரை அதைக் குறைக்கலாம். ஒரு வாரம் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் அதுகள், அந்தப் பக்கம் இதுகள் என்று ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். பிறகு, கோழிகள் அடைந்து இருட்டின பிறகு புதுக் கோழிகளை எடுத்துக் கம்பில் உட்கார வையுங்கள். விடிந்ததும் எல்லாவற்றையும் திறந்த வெளியில் விட்டுவிடுங்கள், சின்னக் கூண்டுக்குள் அடைத்து வைத்தால்தான் ஒதுங்க இடமில்லாமல் அடிபடும். தீவனத்தை ஒரே தட்டில் வைக்காமல் மூன்று, நான்கு இடத்தில் தள்ளித் தள்ளி வையுங்கள். ஒரு மூலையில் விறகுக்கட்டோ பழைய தட்டியோ சாய்த்து வைத்தால் புதுசு போய் ஒளிந்துகொள்ளும்.

புதுக் கோழியை ஒற்றையாக என்றுமே சேர்க்காதீர்கள், குறைந்தது மூன்று இருக்க வேண்டும். பழைய கோழி அளவுக்கு வளராத குஞ்சையும் சேர்க்காதீர்கள். இரத்தம் வந்துவிட்டால் அந்தக் கோழியை உடனே பிரித்துவிடுங்கள், சிவப்பைக் கண்டால் மற்றவை விடாது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவி, காயம் ஆறின பிறகு திரும்ப விடலாம். எந்தப் பழைய கோழி மட்டும் விடாமல் கொத்துகிறதோ அதை நான்கு நாள் தனியாகப் பிரித்து வைத்துவிட்டு விடுங்கள், அதன் மிதப்பு குறைந்திருக்கும். இது எனக்குப் பல தோட்டங்களில் பலன் கொடுத்த வழி.

வாங்கிய ஒருநாள் குஞ்சை அடைக்கோழியிடம் சேர்த்துவிடலாமா?
– வாசகர், மேலூர்

சேர்க்கலாம், ஆனால் நேரம் பார்க்க வேண்டும். கோழி அடைக்கு உட்கார்ந்து ஏறக்குறைய 21 நாள் ஆகியிருக்க வேண்டும், குஞ்சுக்கு வயது ஒன்றிரண்டு நாளுக்கு மேல் போகக் கூடாது. இருட்டில் ஒவ்வொரு குஞ்சாகச் சிறகுக்கு அடியில் நுழைத்து, அதே அளவு முட்டையை உருவிவிடுங்கள். விடியும்போது பக்கத்திலேயே இருங்கள். கொக் கொக்கென்று மெதுவாகப் பேசினால் ஏற்றுக்கொண்டது, தலையில் ஓங்கிக் கொத்தினால் எடுத்துவிட்டுப் பல்பு வெளிச்சத்தில் வளர்க்க வேண்டியதுதான். நிறம் வேறான குஞ்சைச் சில கோழிகள் விரட்டும், அதையும் கவனியுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தை மட்டும் குஞ்சுக்கு வைத்துவிடாதீர்கள், அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நாட்டுக்கோழிகளோடு வான்கோழியும் விடலாமா?
– வாசகர், கடலூர்

வேண்டாம். கோழியின் குடற்புழு முட்டை வழியாகப் பரவும் ஒரு நோய் கோழியை அவ்வளவாகப் பாதிக்காது, வான்கோழியின் ஈரலைப் புண்ணாக்கிக் கொன்றுவிடும். கோழி மேய்ந்த மண்ணிலேயே அது நீண்ட நாள் கிடக்கும். தனி இடம் இருந்தால் மட்டும் வளருங்கள்.

சிறுவிடைப் பெட்டைகளுக்குப் பெருவிடைச் சேவல் விட்டால் குஞ்சு பெரிதாக வருமா?
– வாசகர், பரமக்குடி

குஞ்சு பெரிதாக வரும்தான். ஆனால் பெருவிடைச் சேவல் நான்கு கிலோ வரை போகும், ஒன்றரைக் கிலோகூட இல்லாத பெட்டைமேல் அது ஏறி ஏறி முதுகு இறகு உதிர்ந்து தோல் கிழிந்துவிடும். இன்னொரு சேவல் இருந்தால் சண்டையில் ஒன்று போகும். சிறுவிடையைச் சிறுவிடையாகவே காப்பாற்ற வேண்டும் என்பது என் விருப்பம். உங்களுக்கு வேண்டியது இரத்த மாற்றம், அதாவது உறவில்லாத வேறு வம்சத்துச் சேவல் என்றால் தூரத்து ஊரிலிருந்து நல்ல சிறுவிடைச் சேவலே ஒன்று கொண்டு வாருங்கள், எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும். ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இப்படி மாற்றினால் அண்ணன் தங்கைக்குள்ளேயே இணைந்து குஞ்சு சுருங்குவது நிற்கும்.

சேவலை மாற்றின மறுநாளே முட்டை எடுத்து அடைக்கு வைத்துவிடாதீர்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு வாரத்துக்கு மேலும் தங்கியிருக்கும். பழையதைப் பிரித்து மூன்று வாரம் கழித்து வரும் முட்டையைத்தான் புதுச் சேவலின் முட்டை என்று நம்பலாம், அதுவரை வருவதைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.