கால்சியம் மாத்திரை மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு 51 வயது. மாதவிடாய் நின்று ஐந்து வருடம் ஆகிறது. போன வருடம் என் அம்மா (வயது 74) பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். சமீபத்தில் இங்கே நடந்த இலவச முகாமில் என் குதிகாலை ஒரு மெஷினில் வைத்துப் பார்த்து, 'எலும்பு வீக்காக இருக்கிறது' என்று கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள். எனக்கு முழங்கால் வலியும் உண்டு. மாத்திரை சாப்பிட்டால் அம்மாவுக்கு வந்தது எனக்கு வராமல் தடுக்க முடியுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்.

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது முகாம் ரிசல்ட் அல்ல, அம்மாவின் இடுப்பு முறிவுதான். நின்ற இடத்தில் வழுக்கி விழுந்ததற்கே இடுப்பு எலும்பு முறிகிறது என்றால், அது பெரும்பாலும் ஆஸ்டியோபோரோசிஸ் என்கிற எலும்புப்புரை நோயின் வேலை. தாய்க்கோ தந்தைக்கோ இப்படி முறிந்திருந்தால் பிள்ளைகளுக்கும் அந்த ஆபத்து கூடுகிறது. அதோடு, எலும்பு கரைவதைக் கட்டுப்படுத்தும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உங்களுக்குக் குறைந்துவிட்டது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து முதல் ஏழு வருடங்களில்தான் எலும்பு வேகமாகக் கரைகிறது. நீங்கள் இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள்.

குதிகாலில் பார்ப்பது ஒரு முதல்கட்ட அலசல்தான். அதை வைத்து நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ முடிவு கட்ட முடியாது. இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் டெக்ஸா ஸ்கேன், அதாவது எலும்பின் அடர்த்தியை அளக்கும் எக்ஸ்ரே, எடுங்கள். சும்மா படுத்திருந்தால் போதும், வலி கிடையாது. ரிப்போர்ட்டில் 'டி ஸ்கோர்' என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் 1-க்கு மேல் இருந்தால் நார்மல். மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவில் இருந்தால் எலும்பு மெலியத் தொடங்கிவிட்டது. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. அந்த நிலையில் கால்சியம் மட்டும் போதாது, எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்தை டாக்டர் தொடங்குவார்.

முழங்கால் வலி வேறு விஷயம். உங்கள் வயதில் அது பெரும்பாலும் மூட்டுக் குருத்தெலும்புத் தேய்மானத்தால் வருவது. எலும்புப்புரையோ, முறிவு ஏற்படும் வரை வலியே காட்டாது. முதுகெலும்பு நசுங்கினால்கூடப் பலருக்குத் தெரிவதில்லை. உயரம் குறைவதும் கூன் விழுவதும்தான் அடையாளம். இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். மூட்டு வலிக்கு என்று யாராவது தரும் பெயர் தெரியாத பொடியையும் மாத்திரையையும் தொடவே தொடாதீர்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. வலி மாயமாகப் பறந்துவிடும், எலும்பு உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கும்.

சரி, கால்சியத்துக்கு வருவோம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் வேண்டும் என்கிறது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்). முடிந்தவரை சாப்பாட்டிலேயே தேடுங்கள். 200 மில்லி பாலில் ஏறக்குறைய 240 மில்லிகிராம் இருக்கிறது. காபிக்கு விடும் பாலை ஒரு டம்ளர் என்று கணக்கில் சேர்க்காதீர்கள். தயிர், கேழ்வரகுக் கூழ் அல்லது அடை, தோல் நீக்காத எள்ளில் இடித்த பொடி, முருங்கைக்கீரை, அசைவம் சாப்பிடுபவர் என்றால் முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி எல்லாமே நல்லவை. ஊறுகாய், அப்பளம், வடகத்தைக் குறையுங்கள். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடுதலாகப் போய்விடும்.

சாப்பாட்டில் போதாததற்குத்தான் மாத்திரை. அட்டையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். '1250 மி.கி. கால்சியம் கார்பனேட்' என்று இருந்தால் அதில் உள்ள கால்சியம் 500 மி.கி. மட்டுமே. ஒரே நேரத்தில் அதற்கு மேல் போட்டால் உடல் சரியாக உறிஞ்சிக்கொள்ளாது. இந்த வகை மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுங்கள். தைராய்டு மாத்திரை எடுப்பவராக இருந்தால் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்துப் போடாதீர்கள். சிறுநீரகக் கல் வந்தவர் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வைட்டமின் டி இல்லாமல் கால்சியம் குடலிலிருந்து ரத்தத்துக்குச் சரியாக ஏறாது. காலை ஏழு மணி வெயில் இதமாக இருக்கும், ஆனால் அதில் இந்தச் சத்து அநேகமாகக் கிடைக்காது. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரம்தான் கணக்கு, அதாவது 11 மணியிலிருந்து 2 மணி வரை. கை, முகத்தில் படும்படி இருபது நிமிடம் மாடியில் நில்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் குறைவு என்று தெரிந்தால் வாரம் ஒன்று என 60,000 யூனிட் சாஷே (பொடிப் பாக்கெட்) எழுதித் தருவார்கள். எத்தனை வாரம் என்று சொன்னார்களோ அதோடு நிறுத்திவிடுங்கள். மருந்துக் கடையில் நீங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடும்.

இவ்வளவும் செய்தும் உடம்பை அசைக்காமல் இருந்தால் பயனில்லை. சுமை விழுந்தால்தான் எலும்பு உறுதியாகும். வாக்கிங் போவது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு உட்காருங்கள். கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, கையை ஊன்றாமல் எழுந்து நில்லுங்கள். பிறகு, பொத்தென்று விழாமல், மெதுவாக மூன்று எண்ணி உட்காருங்கள். பத்து முறை. முழங்கால் வலித்தால் நாற்காலியில் ஒரு தலையணை வைத்து உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பழகிய பிறகு இரண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். அப்புறம் சமையல் மேடையைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்கப் பழகுங்கள். குக்கர் விசில் வரும்வரை காத்திருக்கும் நேரம் அதற்குப் போதும். ஸ்கேனில் எலும்புப்புரை என்று வந்தால், முன்னால் குனிந்து கால் விரலைத் தொடும் ஆசனங்களை மட்டும் விட்டுவிடுங்கள். முதுகெலும்பு நசுங்க அதுவே காரணமாகலாம்.

இனி அம்மா. ஆபரேஷன் முறிந்த இடத்தைச் சேர்த்திருக்கிறது, நோய் அப்படியேதான் இருக்கிறது. ஒருமுறை முறிந்தவருக்கு அடுத்த முறிவு வரும் வாய்ப்பு முதல் இரண்டு வருடத்தில்தான் மிக அதிகம். ஆனாலும் எத்தனையோ பேர் வெறும் கால்சியத்தோடு வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. பாத்ரூமில் இன்றைக்கே கைப்பிடிக் கம்பி போடச் சொல்லுங்கள். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு எரியட்டும், வழியில் கிடக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள். கண்புரை இருக்கிறதா என்று பாருங்கள், தூக்க மாத்திரை போடுகிறாரா என்றும் கவனியுங்கள். அடுத்த செக்கப்புக்கு டிஸ்சார்ஜ் சம்மரியோடு போய், "எலும்புப்புரைக்கு மருந்து ஏதாவது ஆரம்பித்தீர்களா டாக்டர்?" என்று நேரடியாகக் கேளுங்கள். வாரம் ஒரு மாத்திரை, வருடத்துக்கு ஒரு டிரிப், ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி என்று பல வழிகள் உண்டு. சிறுநீரகமும் ரத்தக் கால்சியமும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து டாக்டர் முடிவு செய்வார். வார மாத்திரை என்றால் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. ஆறு மாத ஊசி என்றால் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, தள்ளிப்போடாமல் போடுங்கள்.